சுவர் எவ்வளவு குடிக்கும்?

பெயிண்டர் வாசற்படியில் நின்றபடியே அறைக்குள் ஒரு பார்வை பார்த்தார். உள்ளே காலெடுத்துக்கூட வைக்கவில்லை. "இந்த ரூமுக்கு நாலு லிட்டர் டப்பா ஒண்ணு, ஹாலுக்குப் பத்து லிட்டர் பக்கெட்டு ஒண்ணு எடுத்துருங்க சார். மிஞ்சினா டச்சப்புக்கு ஆகும்" என்றார். கடைக்குப் போனால் அண்ணாச்சி வேறு வழி சொன்னார்: "தரை எத்தனை சதுர அடி? அதை மூணரையால பெருக்கிக்கிடுங்க. அதுதான் சுவரும் சீலிங்கும்." டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அதில் மூன்றாவது கணக்கு அச்சாகியிருந்தது: லிட்டருக்கு இரண்டு கோட்டிங்கில் 140 சதுர அடி.

எங்கள் ஹால் 20க்கு 15 அடி, உயரம் 10 அடி. அதன் நான்கு சுவர்களுக்கு எவ்வளவு எமல்ஷன் வேண்டும்? பெயிண்டரின் கண்திட்டப்படி 10 லிட்டர். அண்ணாச்சியின் மூன்றரைப்படி, சீலிங்கைக் கழித்து டப்பா எண்ணால் வகுத்தால், ஏறத்தாழ ஐந்தரை. டேப் பிடித்து அளந்து, டப்பா சொன்ன எண்ணால் வகுத்தால் நான்கு லிட்டரும் ஒரு டம்ளரும். சுவர் ஒன்றுதான், விடை மூன்று. அதுவும் பெரியது சிறியதைப் போல இரண்டரை மடங்கு. வேறு எந்தச் சாமானிலும் இப்படி ஒரு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டோம். அரிசிக் கடையில் ஒருவர் நான்கு கிலோ போதும் என்றும் இன்னொருவர் பத்து கிலோ வேண்டும் என்றும் சொன்னால் இருவரையுமே நம்ப மாட்டோம்.

நம் வீடுகளுக்கு இது புதிய சிக்கல் என்பதையும் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடித்த காலத்தில் யாரும் லிட்டர் கணக்குப் பார்த்ததில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, வடிகட்டி, துளி நீலம் கலந்து அடித்தார்கள். பற்றாக்குறை வந்தால் இன்னும் கொஞ்சம் நீற்றினார்கள். நேற்றைய வெள்ளைக்கும் இன்றைய வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது, தெரிந்தாலும் யாரும் பார்ப்பதில்லை. கணக்கு பிசகினால் நஷ்டம் என்ற நிலையை உண்டாக்கியது கடையில் வந்து உட்கார்ந்த டின்ட்டிங் மெஷின்தான். ஷேட் கார்டில் விரல் வைத்த நிறத்தை அது கலக்கிக் கொடுத்துவிடும். கலந்த டப்பாவைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார். பாதிச் சுவரில் தீர்ந்துபோய், மறுநாள் இன்னொரு டப்பா வாங்கி வந்தால் நிறம் ஒரு நூல் விலகியிருக்கலாம். மிஞ்சினாலும் நஷ்டம், குறைந்தாலும் நஷ்டம். ஆகவே மூன்று வழிகளையும் தராசில் வைத்துப் பார்ப்பது வெறும் கணக்குப் பித்து அல்ல.

முதலில் மூன்றரை. கட்டடத் தொழிலில் வெகுகாலமாகப் புழங்கும் எண் இது, அடிப்படை இல்லாததும் அல்ல. முழு வீட்டுக்கும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் ஓர் அறைக்கு? 10க்கு 10 அறையை எடுத்துக்கொள்ளுங்கள். தரை 100 சதுர அடி. நான்கு சுவர்கள் 400, சீலிங் 100, ஆகமொத்தம் 500. கதவு ஜன்னலைக் கழிக்கும் முன் பெருக்கல் எண் மூன்றரை அல்ல, ஐந்து. எங்கள் ஹாலுக்கு வருவோம். தரை 300, சுவர் 700, சீலிங் 300, மொத்தம் 1000. பெருக்கல் எண் மூன்றும் மூன்றில் ஒரு பங்கும்தான். திறப்புகளைக் கழித்தால் மூன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. காரணம் எளிது. அறை சுருங்கும்போது தரை சுருங்கும் வேகத்தில் சுவர் சுருங்குவதில்லை, உயரம் அப்படியே நிற்கிறது. 10 அடி உயரமுள்ள சதுர அறை ஒன்றில் மூன்றரை சரியாகப் பலிக்க வேண்டுமானால் அது 16க்கு 16 ஆக இருக்க வேண்டும். நம் வீடுகளில் எத்தனை படுக்கையறை அந்த அளவில் இருக்கிறது?

அண்ணாச்சியின் எண் பொய்யல்ல, இடம் மாறி வந்திருக்கிறது. சின்ன அறைகளின் அதிகமும் பெரிய ஹாலின் குறைவும், பாதி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிய குளியலறையும் சமையலறையும் ஒன்றையொன்று ஈடுகட்டி, வீடு முழுவதற்கும் சராசரியாக வரும் எண் அது. காண்டிராக்ட் பேசுகிறவருக்கு அது போதும். ஓர் அறைக்கு மட்டும் வண்ணம் அடிக்கிறவரைச் சின்ன அறையில் பாதியில் நிறுத்திவிடும், பெரிய அறையில் வீணாக வாங்க வைக்கும். இன்னொரு பொறியும் உண்டு. அடுக்ககம் வாங்கியவர்கள் 'எத்தனை சதுர அடி' என்று கேட்டதும் பத்திரத்தில் உள்ள சூப்பர் பில்ட்அப் பரப்பைச் சொல்லிவிடுவார்கள். மாடிப்படியையும் லிஃப்டையும் சேர்த்த எண் அது. அதை மூன்றரையால் பெருக்கினால் பொதுப் படிக்கட்டுக்கும் நீங்கள்தான் பெயிண்ட் வாங்குகிறீர்கள்.

அப்படியென்றால் டேப் பிடிப்பதே வழி. சுற்றளவைக் கூட்டி உயரத்தால் பெருக்கும் வேலைக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். தகராறு கதவு ஜன்னலில்தான் வரும். பெயிண்டர்கள் பெரும்பாலும் அவற்றைக் கழிக்க மாட்டார்கள். "ஓரம் பிடிச்சு அடிக்கிறதுக்கே நேரம் ஆகும் சார்" என்பார்கள். கூலியைப் பொறுத்தவரை அது நியாயம். வெறும் சுவரில் ரோலர் ஓட்டுவதைவிட நிலையைச் சுற்றி பிரஷ் பிடித்து இழுப்பது மெதுவான வேலை. அரசு வேலைகளின் அளவீட்டுக்கு அடிப்படையான ஐ.எஸ். 1200 தரவிதியிலும் இந்த நியாயத்தின் சாயல் உண்டு. அரை சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்புகளைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இரு பக்கமும் ஒரே வேலை என்றால் ஒரு பக்கம் மட்டும் கழிவு. மறுபக்கம், சுவர்க் கனம் தெரியும் உட்பக்கங்களுக்கு ஈடாக விடப்படுகிறது.

ஆனால் அது பில் போடுவதற்கான அளவு. சுவர் குடிக்கும் பெயிண்டுக்கான அளவு அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நான் கண்ட பெரிய குழப்பம். எங்கள் படுக்கையறை 12க்கு 10. சுவர் 440 சதுர அடி. அறைக் கதவு இருபத்து நாலரை, குளியலறைக் கதவு பதினேழரை, ஜன்னல் 16. கூட்டினால் 58. கழித்தால் 382. ஜன்னலின் உட்பக்கக் கனத்தை அளந்து சேர்த்தால் ஆறு சதுர அடி கூடும், அவ்வளவுதான். கதவில் அதுவும் இல்லை, நிலையே அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆக, கழிக்காமல் விட்டால் 13 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வாங்குவோம். கூலிக்கு 440ஐ மனமாரக் கொடுக்கலாம். கடைக்கு 388ஐத்தான் கொண்டுபோக வேண்டும்.

பரப்பு தீர்ந்தது. இனி அதை எதால் வகுப்பது? உண்மையான சிக்கல் இங்கேதான்.

உள்சுவர் எமல்ஷன் டப்பாக்களில் இரண்டு கோட்டிங்குக்கு லிட்டருக்கு 120 முதல் 160 சதுர அடி வரை போட்டிருப்பார்கள். 'நன்கு பட்டி பார்த்த, சமதளமான சுவரில்' என்ற சொற்களும் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். இந்த எண் கூடினால் பெயிண்ட் நல்லது என்று நம்மில் பலருக்கு நினைப்பு. அதை மைக்ரானில் மாற்றிப் பார்த்தால் கதை வேறாகிறது. 140 சதுர அடி என்பது 13 சதுர மீட்டர். இரண்டு கோட்டிங் என்றால் 26 சதுர மீட்டர். ஒரு லிட்டரை அத்தனை பரப்பில் விரித்தால் ஒவ்வொரு கோட்டிங்கிலும் படியும் பெயிண்ட் 38 மைக்ரான். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் திடப்பொருள் என்று வைத்துக்கொண்டால், காய்ந்தபின் நிற்பது 13 மைக்ரான். இரண்டும் சேர்ந்து 25ஐ ஒட்டி வரும். சராசரித் தலைமுடியின் கனம் 70 மைக்ரான் அளவில் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள தோல்தான் நம் சுவரைப் பல வருடம் காக்க வேண்டும். அதே பெயிண்டில் 200 சதுர அடி எடுத்துக் காட்டுகிறேன் என்று ஒரு பெயிண்டர் பெருமையாகச் சொன்னால், அவர் சொல்வதற்குப் பொருள் இன்னும் மெலிதாகப் பூசுகிறேன் என்பதே.

தண்ணீரின் கதையும் இதோடு சேர்ந்தது. உள்சுவர் எமல்ஷனில் லிட்டருக்கு 400 மில்லி வரை தண்ணீர் கலக்கலாம் என்று பல டப்பாக்களே சொல்கின்றன. அதற்கு மேல் கலந்தால் ரோலர் வழுக்கிக்கொண்டு ஓடும், பக்கெட் தீரவே தீராது. ஆனால் தண்ணீர் ஆவியாகும், சுவரை மறைக்காது. பழைய நிறம் தெரிவதால் மூன்றாவது கோட்டிங் போட வேண்டிவரும். கணக்கு எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து நிற்கும்.

டப்பாவின் எண்ணில் எனக்குள்ள குறை அது பொய் என்பதல்ல. அது ஒரு நல்ல சுவரைப் பற்றிய உண்மை. நம் சுவர் அந்தச் சுவரா என்பது டப்பாவுக்குத் தெரியாது. புதிய பூச்சா, பத்து வருட டிஸ்டெம்பரைச் சுரண்டிய சுவரா, அங்கங்கே மட்டும் பட்டி வைத்துத் தேய்த்ததா, பிரைமர் ஒழுங்காக அடித்ததா என்பதைப் பொறுத்துச் சுவரின் தாகம் மாறும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பட்டித் திட்டு ஒரு மாதிரி உறிஞ்சும், பக்கத்திலுள்ள பழைய எமல்ஷன் வேறு மாதிரி உறிஞ்சும். 'சுவர் குடிக்குது' என்று பெயிண்டர்கள் சொல்வதைவிடத் துல்லியமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வெளிச்சுவரின் சொரசொரப்பில் அது இன்னும் கூடும். அதனால்தான் வெளிச்சுவர்ப் பெயிண்டுகளில் லிட்டருக்குப் போட்டிருக்கும் பரப்பு உள்சுவரின் பாதிக்கும் கீழே இறங்குகிறது. போதாதற்கு ரோலரிலும் டிரேயிலும் பக்கெட்டின் ஒட்டிலும் தங்குவது வேறு. அறை சின்னதானாலும் பெரிதானாலும் அந்த நஷ்டம் ஏறக்குறைய ஒன்றேதான், ஆகவே சின்ன அறையில் அது உறைக்கும்.

இப்போது கண்திட்டம். படித்தவர்களுக்கு இதன்மேல் ஓர் இளப்பம் உண்டு, எனக்கும் இருந்தது. படுக்கையறையின் கணக்கைப் போட்டு முடித்தபோதுதான் அது அடங்கியது. 388 சதுர அடியை டப்பாவின் 140ஆல் வகுத்தால் 2.77 லிட்டர். சுவர் நன்றாகக் குடிக்கும் என்று 100ஆல் வகுத்தால் 3.88. இடையில் ஒரு லிட்டருக்கு மேல் இடைவெளி. ஆனால் கடையில் பெயிண்ட் வருவதோ 1, 4, 10, 20 லிட்டர்களில். மூன்று ஒரு லிட்டர் டப்பாக்களைத் தனித்தனியே வாங்கும் விலைக்கும் ஒரு நாலு லிட்டர் டப்பாவின் விலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆக 2.77 ஆனாலும் 3.88 ஆனாலும் வாங்க வேண்டியது ஒரே டப்பா. தசம புள்ளிக்குப் பின் நான் போட்ட உழைப்பெல்லாம் அந்த டப்பாவின் மூடிக்குள் அடங்கிவிட்டது. வாசற்படியில் நின்று சொன்னவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். அவர் பரப்பை எண்ணவில்லை, டப்பாக்களை எண்ணினார். இதுபோன்ற நூறு அறைகளில் எத்தனை டப்பா காலியானது என்ற நினைவுதான் அவருடைய கணக்கு. சாதாரணப் படுக்கையறைக்கு, பழகிய பெயிண்டரின் கண்ணை நம்பலாம் என்று தயங்காமல் சொல்வேன்.

ஹாலில் அதே கண் ஏன் 10 லிட்டர் என்றது? ஒன்று, டப்பாவின் அளவு 4இலிருந்து 10க்குத் தாவுகிறது. நடுவில் நிற்கும் தேவைக்கு மேலே போவது அவருக்கு எளிது. வேலை பாதியில் நின்றால் அவருடைய ஒரு நாள் போகும், பெயிண்ட் மிஞ்சினால் நம்முடைய பணம்தான் போகும். இரண்டு, சொல்லத் தயங்கும் காரணம். பெயிண்ட் பக்கெட்டுகளிலும் பட்டி மூட்டைகளிலும் பெயிண்டருக்கென்றே டோக்கன் போட்டு அனுப்பும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. இப்போது அது போனில் ஸ்கேன் செய்து பாயிண்ட் சேர்ப்பதாக மாறிவருகிறது. அளவு சொல்கிறவருக்கே அளவு கூடினால் ஆதாயம். இதனால் எல்லாரும் கூட்டித்தான் சொல்கிறார்கள் என்று நான் குற்றம்சாட்டவில்லை. அந்தத் தராசில் ஒரு பக்கம் ஏற்கெனவே கல் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். பெயிண்டும் சேர்த்து ஒப்பந்தம் பேசினால் கல் மறுதட்டுக்கு மாறிவிடும். அப்போது தண்ணீர் கூடும், பெயிண்ட் குறையும். லேபர் மட்டும் என்றால் மிகுதி, மெட்டீரியலோடு என்றால் மெலிவு. நடுவில் நிற்கும் பேச்சு எதிலும் இல்லை.

ஆகவே ஹாலுக்கு மூன்றுமே போதவில்லை. மூன்றரை பரப்பிலேயே தவறியது. டப்பாவின் எண் சுவரை அறியாது. கண்ணுக்கோ சொந்த லாப நஷ்டம் உண்டு. எஞ்சியது நான்காவது சாட்சி, சுவரேதான். அதை முதல் கோட்டிங்கில் கேட்கலாம்.

எப்படியென்றால்: சுவர் அதிகம் குடிப்பது முதல் கோட்டிங்கில்தான். இரண்டாவதில் கீழே ஏற்கெனவே ஒரு படலம் இருக்கிறது, தாகம் தணிந்திருக்கும். எனவே அதே அளவு தண்ணீர் கலந்து அடித்தால், முதல் கோட்டிங்குக்குச் செலவானதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மொத்தச் செலவு போகாது. ஊகம் வரம்பாகிவிடுகிறது. அதுவும் நம் சுவரில், நம் பெயிண்டரின் கையில், அவர் ரோலரில் எடுத்த வரம்பு.

எங்கள் ஹாலில் கதவு, ஜன்னல், சாப்பாட்டு அறைக்குப் போகும் அகலத் திறப்பு எல்லாம் 120 சதுர அடி. மிச்சம் 580. முதலில் ஒரு நாலு லிட்டர் டப்பா மட்டும் வாங்கினேன். பெயிண்டர் முகம் சுளித்தார். மதியத்துக்குள் முதல் கோட்டிங் முடிந்தது. டப்பாவில் ஒரு லிட்டர் மிச்சம். செலவு 3 லிட்டர், அப்படியானால் மொத்தத் தேவை 6ஐத் தாண்டாது. இன்னும் 2 லிட்டர் போதும். முதல் கோட்டிங் காய நான்கு மணி நேரமாவது விட வேண்டும் என்பதால் கடைக்குப் போய்வர யாருடைய நேரமும் வீணாகவில்லை. இரண்டு ஒரு லிட்டர் டப்பாக்களை வாங்கிவந்து, மிச்சமிருந்த ஒரு லிட்டரோடு ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலக்கி, இரண்டாவது கோட்டிங்கை முழுக்க அதிலிருந்தே அடித்தோம். அதற்கு 2.4 லிட்டர்தான் பிடித்தது. மொத்தம் 5.4. லிட்டருக்கு 107 சதுர அடி என்று என் சுவர் சொன்னது, டப்பாவின் 140 அல்ல. டப்பாவை நம்பி வாங்கியிருந்தால் 5 லிட்டரில் நின்று, கடைசிச் சுவரில் கை ஏந்தியிருப்பேன். பக்கெட்டை நம்பியிருந்தால் நாலரை லிட்டருக்கு மேல் பரணில் கிடந்திருக்கும். அண்ணாச்சியின் ஐந்தரை உண்மைக்கு அருகில் வந்ததே என்று கேட்கலாம். பரப்பைக் கூட்டிச் சொன்ன தவறும், சுவரின் தாகத்தைக் குறைத்துச் சொன்ன தவறும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. அடுத்த வீட்டில் அவை ஒன்றுக்கொன்று துணை போகலாம்.

இரண்டு தவணையில் வாங்கினால் நிறம் மாறாதா என்பது வலுவான ஆட்சேபம்தான். அதற்கு விடையும் இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது இரண்டாவது கோட்டிங் மட்டும். அது முழுவதும் ஒரே பக்கெட்டில் கலந்தது. முதல் கோட்டிங் ஒரு நூல் விலகியிருந்தாலும் அது அடியில் போய்விடுகிறது. மாறாக, கணக்கை நம்பி ஒரேயடியாக வாங்கிக் கடைசியில் ஒரு லிட்டர் குறைந்தவர்தான் சுவரின் நடுவில் இரண்டு நிறத்தோடு நிற்பார். ஷேட் எண்ணும் பேஸின் பெயரும் ஒட்டிய சீட்டை மட்டும் கிழிக்காமல் வைத்துக்கொண்டு, அதே கடையில் கலக்க வேண்டும். டச்சப்புக்கு மிச்சம் வேண்டாமா என்றால், வேண்டும், அரை லிட்டர். காற்றோட்டமான பெரிய பக்கெட்டில் கிடக்கும் நாலு லிட்டர், ஆணி அடித்த ஓட்டையை மூடும் நாள் வருவதற்குள் ஆடை கட்டி நாற்றமெடுத்துவிடும். மிஞ்சிய 600 மில்லியை ஒரு சின்ன பாட்டிலில் வாய்மட்டும் நிரப்பி, ஷேட் எண்ணை எழுதிப் பரணில் வைத்தேன்.

ஆக என் தீர்ப்பு இரண்டு துண்டாக இருக்கிறது. தேவை ஒரு டப்பாவுக்குள் வசதியாக அடங்கும் அறைக்குக் கண்திட்டம் வெல்கிறது, அங்கே டேப்கூட அதிகப்படி. இரண்டு டப்பா அளவுகளுக்கு நடுவில் தேவை விழும் அறைக்கு, பரப்பை டேப்பிடமும் தாகத்தை முதல் கோட்டிங்கிடமும் கேட்பதே முறை.

இந்த முறையும் ஓரிடத்தில் தோற்றது. ஹாலில் டிவி மாட்டும் சுவரை மட்டும் அடர் சிவப்பாக்க வேண்டும் என்று மகள் கேட்டாள். 15க்கு 10, வெறும் 150 சதுர அடி. வெளிர் நிறங்களின் பேஸில் டைட்டானியம் டை ஆக்சைடு நிறைய இருக்கும், பின்னால் உள்ளதை மறைப்பது அந்த வெள்ளைத் தூள்தான். அடர் நிறங்களுக்கான பேஸில் அது மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. பளிச்சென்ற சிவப்புக்கும் மஞ்சளுக்கும் மறைக்கும் சக்தியும் குறைவு. முதல் கோட்டிங்குக்கு முக்கால் லிட்டர் ஆனது, இரு மடங்கு ஒன்றரை என்று இரண்டு லிட்டரோடு நிம்மதியாக இருந்தேன். இரண்டாவது கோட்டிங் காய்ந்தபின் பார்த்தால் ரோலர் போன தடமெல்லாம் வரிவரியாக, அடியில் பழைய வெள்ளை சிரித்தது. அளவின் வரம்பு சரி, கோட்டிங்கின் எண்ணிக்கைதான் என் கணக்கில் இல்லை. நான்காவது கோட்டிங்குக்கு இன்னொரு லிட்டர் வாங்கப் போனபோது அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே மெஷினில் எண்ணைத் தட்டினார்.